குற்றாலிங்கியா என்றொரு நத்தை

நான் கோபக்காரன் இல்ல தம்பி. அதை முதல்லயே சொல்லிடுதேன். இப்ப கண்டக்டர்கிட்ட சத்தம் போட்டதைப் பாத்து நீங்க தப்பா நினைச்சிரக்கூடாது. ஆலங்குளம் வழியாப் போகுமான்னுதான் கேட்டேன். ‘போர்டுல எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா’ங்கான். இருபத்தாறு வருஷம் காலேஜ்ல விலங்கியல் சொல்லிக்கொடுத்தவனைப் பாத்து. சரி, விடுங்க. நீங்க திருநெல்வேலிக்கா? நல்லது. ஒண்ணரை மணி நேரம் இருக்கு.

பேங்க்ல வேலையா? அங்கேயும் கூட இருந்தே குழி தோண்டுத ஆளுங்க இருப்பாங்களே. இருப்பாங்க, இருப்பாங்க. எனக்கு ஒருத்தி இருந்தா. பேரு முப்பிடாதி. என்கிட்ட பிஎச்.டி. பண்ண வந்தவ. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஏதோ ஒரு ஊரு. அந்தப் பிள்ளையாலதான் நான் துறைத்தலைவர் ஆகாமலே ரிட்டையர் ஆனேன். வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கிட்டது இல்ல. நீங்க கேட்டதுனால சொல்லுதேன்.

நத்தை பாத்திருக்கீங்களா? மழைக்குச் சுவத்துல ஊருமே, அது இல்ல. அதைப் பாக்க ஒரு படிப்பும் வேண்டாம். நான் சொல்லுதது கடுகை விடக் கொஞ்சம் பெரிசா, அரிசியை விடச் சின்னதா இருக்கும். மலையடிவாரத்துல சருகுக்கு அடியில கிடக்கும். நீங்கள்லாம் அதை மிதிச்சுக்கிட்டேதான் அருவிக்குக் குளிக்கப் போறீங்க. தப்பில்ல, ஜனங்க அப்படித்தான். ஆனா அதுலயும் ஜீனஸ் ஜீனஸா எத்தனையோ இருக்கு. ஜீனஸ்னா குடும்பப்பேரு மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒரு குடும்பத்துல பத்து இனம் இருக்கும்.

உடம்பைப் பாக்காமலே, ஓட்டை வெச்சே பிரிச்சிரலாம். அதுதான் என் சப்ஜெக்ட். ஓடு வலப்பக்கமாச் சுத்துதா, இடப்பக்கமாச் சுத்துதா. மொத்தம் எத்தனை சுத்து. கூம்பா இருக்கா, பீப்பா மாதிரியா, ஊசி மாதிரியா. அடியில தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கும், அது திறந்திருக்கா, மூடியிருக்கா. எல்லாத்துக்கும் மேல வாய். ஓட்டுக்கு ஒரு வாய் உண்டு, வாய்க்கு உதடு உண்டு, சிலதுக்கு அந்த வாய்க்குள்ள பல்லு உண்டு. கடிக்கிற பல்லு இல்ல. ஓடே உள்பக்கமாப் பருபருவாப் புடைச்சுக்கிட்டு நிக்கும். எத்தனை பல்லு, எந்த இடத்துல, ஒத்தையா ரெட்டையா, இதை வெச்சு ஒரு நத்தையோட ஜாதகத்தையே எழுதிரலாம். நான் எழுதுவேன். இந்த மாவட்டத்துல வேற எவனுக்கும் தெரியாது. தற்பெருமைக்குச் சொல்லல, அதுதான் உண்மை.

அந்த வருஷம் ஜூன்ல நல்ல சாரல். முப்பிடாதியை அடிவாரத்துக்கு அனுப்பியிருந்தேன். நான் போகல. எனக்கு முட்டிவலி. அதோட அட்டைப்பூச்சி வேற. கார்டே எல்லா இடத்துக்கும் போகணும்னு அவசியமில்ல. கார்டுன்னா கைடு, ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. பல்லு கட்டினதுல இருந்து நாக்கு குழறுது. அவ ஒரு சாக்குப்பை நிறையச் சருகு அள்ளிட்டு வந்து, சல்லடையில சலிச்சு, லென்ஸ் வெச்சுப் பொறுக்கி, பதினோரு ஓட்டை ஒரு தட்டுல கொண்டாந்து வெச்சா. ‘சார், இது என்னன்னு பிடிபடல’ன்னா. பிடிபடாதுல்ல? நான் மைக்ராஸ்கோப்புல பாத்தேன். கூம்பு வடிவம். நாலு சுத்து. தொப்புள் நல்லா விரியத் திறந்து கிடக்கு. உதடு கத்தி மாதிரி மெலிசு. வாய்க்குள்ள ஒரு பல்லு இல்ல. இந்தச் சேர்க்கை எந்த ஜீனஸ்லயும் கிடையாது. பத்தே நிமிஷம் தம்பி. மத்தவன் பத்து வருஷம் தேடுவான். எனக்குப் பத்து நிமிஷம் போதும். புது ஜீனஸ்!

அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியணுமா இல்லையா? திரும்பவும் லென்ஸை வெச்சு ஓட்டையே பாக்கா. அப்புறம் மெதுவா, “சார், இது வளராத நத்தையா இருக்குமோ?”ங்கா.

“ஏன்?”

“முதிர்ந்ததுன்னா உதடு தடிச்சு வெளிய மடங்கியிருக்கும்ல சார். இது மெலிசா இருக்கே. அது முதிர்ந்த பிறகுதான பல்லே வரும். இதே இடத்துல பீப்பா மாதிரி, பல்லு உள்ள கேஸ்ட்ரோகாப்டாவும் கிடந்துச்சு சார். அதோட குட்டியா…”

கேஸ்ட்ரோகாப்டாங்கது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய ஜீனஸ். உதட்டைப் பாக்காம வயசைச் சொல்லாதே, வயசு தெரியாம ஜீனஸைச் சொல்லாதே. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே யாரு? நான்தான். வருஷா வருஷம் முதல் வகுப்புல போர்டுல எழுதிப்போடுவேன். என் பாடத்தை என்கிட்டயே திருப்பிச் சொல்லுதா! எவ்வளவு தைரியம் பாருங்க. “எம்மா, விதி எழுதினவனுக்கு விதிவிலக்கும் தெரியும், நீ போய் லேபிள் எழுது”ன்னு அனுப்பிட்டேன். கோபமா இல்ல, சாதாரணமாத்தான் சொன்னேன். தட்டு கீழ விழுந்தது தற்செயல்.

பேரு வைக்கணும்ல? எங்க தாளாளர் பேரு குற்றாலலிங்கம். அதனால ‘குற்றாலிங்கியா’ன்னு வெச்சேன். இதுல எனக்கு ஒரு சுயநலமும் கிடையாது. துறைத்தலைவர் நாற்காலி அந்த மாசம் காலியாச்சு, அது வேற விஷயம். ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினாங்க, காலேஜ்ல பேச்சுக்கா பஞ்சம். கட்டுரையை எங்க போடுததுன்னு யோசிச்சேன். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினா முகம் தெரியாத ரெண்டு பேரு படிச்சு ஆயிரம் கேள்வி கேப்பான். அவன் நம்ம மலையைப் பாத்தானா, சாரலைப் பாத்தானா? நம்ம காலேஜ்லயே ஒரு ஆய்விதழ் வருதுல்ல, தரமான இதழ், அதுல போட்டேன். அதுக்கு ஆசிரியர் யாருன்னு கேக்கீங்களா? நான்தான். ஆனா அதுக்காகச் சலுகை காட்டல. ரெண்டு எழுத்துப்பிழையை நானே கண்டுபிடிச்சுத் திருத்தினேன்.

இவ என்ன பண்ணினா தெரியுமா? திரும்ப அதே இடத்துக்குப் போயி உயிரோட ஆறு நத்தையைப் பிடிச்சுட்டு வந்து, ஒரு அல்வா டப்பாவுல வெச்சு வளக்க ஆரம்பிச்சா. ஈரமாத் தேங்காநாரு, மக்கின சருகு, சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு துண்டு சாக்பீஸ். என் லேப் ஜன்னல்ல! நான் குற்றாலிங்கியாவுக்குப் படம் வரைஞ்சுட்டு இருக்கேன், பக்கத்துல அல்வா டப்பா. “இது என்ன நர்சரி ஸ்கூலா? தூக்கிப் போடு”ன்னேன். தூக்கிப் போடல. ஹாஸ்டலுக்குக் கொண்டு போயிட்டா. வாரா வாரம் போட்டோ எடுத்திருக்கா. எனக்கு எதிரா சாட்சி சேக்கான்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும். நான் வெள்ளந்தி.

பாவூர்சத்திரமா இது? கூட்டம் ஏறுது பாருங்க. பையை மடியில வெச்சுக்கோங்க.

அக்டோபர்ல விழா வெச்சோம். கண்டுபிடிப்பு அறிமுக விழா. வாசல்ல எட்டடிக்கு பிளக்ஸ். ரெண்டு மில்லிமீட்டர் நத்தை எட்டடி உசரத்துல நிக்கி. பக்கத்துல அதே உசரத்துக்குத் தாளாளர். அவருக்கு நத்தையைக் கொஞ்சம் சின்னதாப் போட்டிருக்கலாமோன்னு ஒரு வருத்தம், மத்தபடி ரொம்பச் சந்தோஷம். மகளோட கல்யாண அழைப்பிதழ்லயே ‘உயிரினத்துக்குப் பெயர் தந்த குடும்பம்’னு போடலாமான்னு என்கிட்ட கேட்டாரு. தாராளமாப் போடலாம்னேன்.

விழா அன்னிக்குக் காலையில, எனக்கு வேட்டி கட்டிவிடக்கூட ஆள் இல்லாம நான் அல்லாடிட்டு இருக்கேன், முப்பிடாதி வந்து நிக்கா. கையில அந்த டப்பா.

“சார், பல்லு வந்திருச்சு. ஆறுக்கும் வந்திருச்சு. உதடும் மடங்கிட்டு. கூம்பு இப்போ பீப்பாவா ஆயிட்டு சார். ஒரே ஒரு தடவை பாருங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, விழாவை வேற ஏதாவது சொல்லித் தள்ளி வெச்சிரலாம்.”

எப்ப வந்து எதைச் சொல்லணும்னு ஒரு நேரங்காலம் இல்ல? கேட்டரிங்காரன் வந்து இலை எண்ணிட்டு இருக்கான். “விழா முடியட்டும், பாக்கேன்”னு சொன்னேன். மறுக்கலியே? பாக்கேன்னுதான சொன்னேன். “யாராவது கேட்டா நீ வாயைத் திறக்கக்கூடாது”ன்னும் சொன்னேன். அது பொதுவா எல்லா மாணவர்களுக்கும் சொல்லுததுதான்.

சிறப்பு விருந்தினர் நாகர்கோவில்ல இருந்து வந்திருந்தாங்க. டாக்டர் கிளாரிபெல்னு ஒரு அம்மா. வாழ்நாள் பூரா நத்தையோடயே குடித்தனம் பண்ணினவங்க. கூப்பிட்டது என் தப்பு. பொன்னாடையைப் போத்திக்கிட்டுச் சும்மா உக்கார வேண்டியதுதான? நான் பேசி முடிச்சதும் எழுந்திரிச்சு, “புரொபசர் ஆவுடையப்பன், உங்க பதினோரு ஓட்டுல முதிர்ந்தது எத்தனை?”ன்னு கேட்டாங்க.

“எல்லாமே முதிர்ந்ததுதான்”னேன். பயப்படாமச் சொன்னேன்.

அந்த அம்மா என்னை விட்டுட்டு முன்வரிசையில இருந்த முப்பிடாதியைப் பாத்து, “நீதான சேகரிச்சது? நீ என்னம்மா நினைக்க?”ன்னாங்க. அரங்கமே அவளைப் பாக்கு. அவ என்னைப் பாத்தா. அப்புறம் எழுந்து நின்னு, “சார் சொன்னதுதான் மேடம்”னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

கேட்டீங்களா? அவளே சொல்லியிருக்கா! முந்நூறு பேரு முன்னாடி! அப்புறம் எப்படி மாத்தலாம்? என் கேள்வியே அதுதான். உனக்குத் தெரியும்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும். என்னைக் காப்பாத்தணும்னு உனக்குத் தோணலியா? நான் சொல்லாதேன்னு சொன்னா, நீ சொல்லாமலே இருந்துருவியா? அப்படி ஒரு மாணவி எனக்கு எதுக்கு?

அடுத்து ஆய்வேட்டைக் கொண்டாந்தா. குற்றாலிங்கியாவுக்கு ஒரு அத்தியாயம் எழுதச் சொல்லியிருந்தேன். எழுதியிருந்தா. எப்படி? முதல் வாரம் போட்டோ, அஞ்சாம் வாரம் போட்டோ, பத்தாம் வாரம் போட்டோ. கடைசிப் படத்துல ஆறும் வாய் நிறையப் பல்லை வெச்சுக்கிட்டு என்னைப் பாத்து இளிக்கி. கீழ, ‘எனவே இது தனிப் பேரினம் அல்ல’. புது ஜீனஸே இல்லையாம். என் கையெழுத்துக்குன்னு கோடு போட்டு இடம் விட்டிருக்கா. நான் என்ன கிறுக்கனா? ‘பரிசீலிக்க வேண்டியுள்ளது’ன்னு பென்சில்ல எழுதி மேசை டிராயர்ல வெச்சேன். ஏழு மாசம் பரிசீலிச்சேன். ஆழமான ஆராய்ச்சிக்கு அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

ஒருநாள் அவ அம்மா வந்திருந்தாங்க. பீடி சுத்துறவங்க. விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும்ல, அப்படி. நான் மரியாதையா உக்காரச் சொன்னேன். உக்காரல.

“ஐயா, எம்பிள்ள என்ன தப்பு செஞ்சா?”

“இதெல்லாம் அறிவியல்மா. சொன்னா உங்களுக்குப் புரியாது.”

“புரியாதுதான்யா. நான் கம்பெனிக்குப் பீடி கொண்டு போறேன். பத்துக் கட்டுல ஒரு கட்டைக் கழிச்சாக்கூட, பிரிச்சுக் காட்டி, இந்த இடத்துல சுத்து தளர்ந்திருக்குன்னு சொல்லித்தான் கழிப்பாங்க. ஏழு மாசமா நீங்க ஒண்ணுமே சொல்லலியாமே. எந்த இடத்துல தளர்ந்திருக்குன்னு சொன்னா, அவ திரும்பச் சுத்திருவாய்யா.”

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. பீடியும், உயிரினத்தை வகைபிரிச்சுப் பேரு வைக்குத டாக்ஸானமியும் ஒண்ணாம். வகுப்புக்கு நேரமாச்சுன்னு கடிகாரத்தைக் காட்டினேன். அந்த அம்மா கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. டிராயரைத் திறந்து பாத்தேன். மூடிட்டேன்.

அப்புறம் அவ பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதி கைடை மாத்திக்கிட்டா. மாத்தினது யாருகிட்ட? அந்த நாகர்கோவில் அம்மா சொல்லி, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட. நாலு மாசத்துல டாக்டர் முப்பிடாதி! நம்மகிட்ட நாலு வருஷம் கஷ்டப்பட்டவ, அங்க போய் நாலு மாசத்துல டாக்டர். அங்க என்ன தரம் இருக்கும்னு நீங்களே ஊகிச்சுக்கோங்க. கட்டுரை வெளிநாட்டு இதழ்ல வந்துச்சு. குற்றாலிங்கியாவுக்குச் செலவழிச்சது எவ்வளவு தெரியுமா? ஒரே வரி. ‘கேஸ்ட்ரோகாப்டாவின் இளம் பருவ ஓடுகளே இவை’. எட்டடி பிளக்ஸ் வெச்ச பேரு தம்பி, ஒரே வரியில போச்சு.

தாளாளருக்கு எவனோ போட்டுக் கொடுத்துட்டான். கூப்பிட்டுவிட்டாரு. அவரு ரூம்ல அந்த நத்தைப் படம் பிரேம் போட்டு மாட்டியிருந்துச்சு. அதைக் காட்டி, “என்னவே ஆவுடையப்பன், அப்போ நான் யாரு? குட்டி நத்தையா?”ன்னாரு.

“இல்லய்யா, உண்மையில அந்தப் பேரு குற்றால அருவியை நினைச்சு வெச்சதுதான்”னு சொன்னேன். சமயோசிதமாத்தான் சொன்னேன்.

“அருவியை நினைச்சு வெச்சியா? அப்போ எம்மவ கல்யாணப் பத்திரிகையில என்னத்துக்குவே போடச் சொன்ன? ரெண்டாயிரம் பேருக்குக் கொடுத்தாச்சு. சம்பந்தி வீட்டுல நத்தைக் குடும்பம்னு கூப்பிடுதாங்க.”

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சம்பந்திக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தின்னு நினைச்சேன். சொல்லல. அதுவரைக்கும் காலியாவே கிடந்த துறைத்தலைவர் பதவியை வேங்கடகிருஷ்ணனுக்குக் கொடுத்துட்டாங்க. மண்புழு ஆளு. மண்புழுவுக்கு ஓடு உண்டா, சுத்து உண்டா, உதடு உண்டா? எந்தப் பக்கம் தலைன்னு தெரியவே ஒரு டிகிரி வேணும். அவனுக்குக் கீழ மூணு வருஷம் இருந்துட்டு ரிட்டையர் ஆனேன். வழியனுப்பு விழாவுல எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தாங்க. அதுவும் நின்னுபோச்சு.

இதுல எரியுத தீயில எண்ணெய் ஊத்தின மாதிரி அவ என்ன செஞ்சா தெரியுமா? கட்டுரைக் கடைசியில நன்றின்னு ஒரு பகுதி வரும்ல. அதுல முதல் பேரே என் பேருதான். ‘ஓட்டின் வாயைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஆவுடையப்பன் அவர்களுக்கு’. என்ன குத்தல் பாருங்க. வீட்டுக்காரி அதைப் படிச்சுட்டுக் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. “நல்ல பிள்ளங்க”ங்கா. பொம்பளைங்களுக்கு உள்ளர்த்தம் புரியாது. நான் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பர்சுல வெச்சிருக்கேன். ஆதாரத்துக்கு. நாளைக்குக் கேஸ் கீஸுன்னு வந்தா வேணும்ல.

ஆலங்குளம் தாண்டிட்டோமா? பேச்சுல தெரியல பாருங்க.

இப்ப அவ திருநெல்வேலியில ஒரு காலேஜ்ல வேலை பாக்கா. அங்கதான் போறேன். ஏன்னு கேக்கமாட்டீங்களா? சொல்லுதேன். ரிட்டையர் ஆனதும் சும்மா இருக்க முடியுமா? முட்டிவலியோட நானே அடிவாரத்துக்குப் போனேன். முதல் தடவை. அட்டை கடிச்சுது, போகட்டும். அதே இடத்துல இருபது நத்தை பிடிச்சேன். எல்லாம் கூம்பு, எல்லாம் மெல்லிய உதடு. வீட்டுல வெச்சு வளத்தேன். தேங்காநாரு, சருகு, சாக்பீஸ். அவளைப் பாத்துச் செஞ்சதில்ல, அதுதான் சரியான முறை. காலையில எந்திரிச்சதும் லென்ஸை எடுத்துக்கிட்டு அங்கதான் போய் நிப்பேன். பத்தொம்பதுக்குப் பல்லு வந்துட்டு. வரட்டுமே. அது கேஸ்ட்ரோகாப்டா. நான் எப்பவாவது கேஸ்ட்ரோகாப்டாவே கிடையாதுன்னு சொன்னேனா?

ஒண்ணுக்கு வரல தம்பி. ஒண்ணே ஒண்ணுக்கு. அஞ்சு மாசமாச்சு. உதடு இன்னும் கத்தி மாதிரி. தொப்புள் திறந்தே கிடக்கு. பல்லு ஒண்ணுகூட இல்ல. இதோ, இந்தக் கண்ணாடிக் குப்பியில, பஞ்சுக்கு நடுவுல. அசைக்காமப் பாருங்க. தெரியுதா?

அது அசையல, ஆமா. வீட்டுக்காரியும் அதைத்தான் சொல்லுதா. அது செத்து மூணு மாசமாச்சாம், வெறும் ஓடுதானாம், செத்தது எப்படி வளரும்ங்கா. அவளுக்கு என்ன தெரியும்? வறட்சின்னா நத்தை உள்ள இழுத்துக்கிட்டு வாயை அடைச்சுட்டுத் தூங்கும். மாசக்கணக்காத் தூங்கும். தட்டிப் பாத்தேன், குலுக்கிப் பாத்தேன், தண்ணி தெளிச்சுப் பாத்தேன். என் கண்ணு இப்போ முன்ன மாதிரி இல்ல. உள்ள ஏதோ இருக்க மாதிரியும் தெரியுது, இல்லாத மாதிரியும் தெரியுது.

அதான் முப்பிடாதிகிட்ட கொண்டு போறேன். நேத்துப் போன்ல கேட்டேன், “வாங்க சார், பாக்கேன்”னா. நாலஞ்சு வருஷத்துக்குப் பிறகு பேசுதேன், உடனே வாங்க சார்ங்கா.

என்ன தம்பி சிரிக்கீங்க? அவகிட்ட ஏன் போறேன்னா? நல்லாக் கேட்டீங்க. பின்ன வேற யாருகிட்ட போவேன்? இதைப் பாத்த மாத்திரத்துல சரியாச் சொல்லுதவ இந்த ஜில்லாவுல வேற யாரு இருக்கா?